குளத்தங்கரையில் இரண்டு கருப்புத் தொட்டி: பாசிக்கும் ஓர் அடைக்கலம்

 

மூன்று வாரமாகக் கோவிலுக்கு வருகிறவர்கள், குளத்துக்குப் பக்கத்தில் இரண்டு கருப்புத் தொட்டிகளைப் பார்த்திருப்பீங்க. ஒன்றில் பஞ்சும் வலையும். இன்னொன்றில் கங்கோங் கீரை, அதற்குக் கீழே வலைத்தட்டில் பச்சைப் பாசி. "குளத்துல இருக்கிற பாசி போதாதுன்னு தொட்டியில வேற வளர்க்கிறீங்களா தம்பி?" என்று வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்த ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. வாட்ஸ்அப் குழுவிலும் இதையேதான் பலர் கேட்கிறீங்க. பூசை நேரத்தில் நின்று விளக்க முடியாது என்பதால் முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்க.

நம்ம குளம் பெரிய தெப்பக்குளம் இல்லை. பதினைந்தடி நீளம், பத்தடி அகலம், மூன்றடி ஆழம். சுமார் 12,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீன்கள். அழகுக்காக வாங்கி விட்டவை சிலதான். மற்றதெல்லாம் பக்தர்கள் வேண்டுதலுக்கும் நினைவுக்கும் விட்டவை. கணவர் தவறிப்போன பிறகு, முதல் திதி அன்று ஓர் அக்கா விட்ட ஆரஞ்சு நிறக் கோய் மீன் உங்களில் பலருக்குத் தெரியும். அந்த அக்கா வெள்ளிக்கிழமை வந்தால் சாமி கும்பிட்டுவிட்டு, குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். பங்குனிக்குப் பிறகு தண்ணீர் பட்டாணி சூப் மாதிரி பச்சையாகிவிட்டது. முதல் படிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. "மீன் இருக்கா தம்பி?" என்று கேட்பார். "இருக்குக்கா" என்று சொல்ல முடிந்ததே தவிர, காட்ட முடியவில்லை.

ஆடித் திருவிழா வரப்போகுது. நிர்வாகக் கூட்டத்தில் இரண்டு கருத்து வந்தது. ஒன்று, பாசி கொல்லும் மருந்து வாங்கி ஊற்றுவது. இன்னொன்று, மீன்களை வேறு எங்காவது கொடுத்துவிட்டு, குளத்தை மூடி சிமெண்ட் போட்டு, திருவிழாக் கூட்டத்துக்கு இடமாக்குவது. இரண்டையும் சொன்னவர்கள் கோவில் மேல் அக்கறையில்தான் சொன்னார்கள். நான் மூன்றாவதாக ஒன்றைக் கேட்டேன். ஆடி முதல் வெள்ளி வரை அவகாசம் கொடுங்கள், மருந்தும் வேண்டாம், மூடவும் வேண்டாம், பாசிக்குத் தனியாக ஓர் இடம் கொடுத்துப் பார்க்கலாம் என்றேன். தலைவர் சரி என்றார்.

இதை நான் கற்றுக்கொண்டது வீட்டில் வைத்திருக்கும் கடல்நீர் மீன் தொட்டியிலிருந்து.

கடல்நீர்த் தொட்டி வைப்பவர்களுக்குப் பாசிதான் பெரிய தலைவலி. மீனுக்குத் தீனி போடுகிறோம். மீன் தின்கிறது, கழிக்கிறது. மிச்சத் தீனி அடியில் தங்கி அழுகுகிறது. இவற்றிலிருந்து வரும் அம்மோனியாவைத் தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. கூடவே தீனியிலிருந்து பாஸ்பேட்டும் சேர்கிறது. வயலுக்குப் போடும் உரத்தில் இருப்பதும் இதே தழைச்சத்தும் மணிச்சத்தும்தான். உரமும் தண்ணீரும் வெளிச்சமும் ஒரே இடத்தில் இருந்தால் ஏதாவது ஒன்று முளைக்கத்தான் செய்யும். கண்ணாடியில், கல்லில், பவளத்தின் மேல் எல்லாம் பாசி ஏறும். எத்தனை முறை தேய்த்தாலும் திரும்ப வரும், ஏன்னா உரம் தண்ணீரிலேயே இருக்கிறது.

அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. பெரிய தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள் இன்னொரு தொட்டி வைப்பார்கள். மேலிருந்து தண்ணீர் வழிந்து அதில் இறங்கும், பம்பு அதைத் திரும்ப மேலே அனுப்பும். அந்தக் கீழ்த் தொட்டியில் ஓர் அறையைத் தடுத்து, அங்கே வேண்டுமென்றே பாசி வளர்ப்பார்கள். மேலே இருப்பதைவிட நல்ல வெளிச்சம் கொடுப்பார்கள். அங்கே பாசி செழித்து வளர்ந்து தண்ணீரில் இருக்கும் உரத்தை இழுத்துக்கொள்ளும். மேலே இருக்கும் பாசிக்குச் சாப்பாடு குறையும். அந்த அறைக்கு ரெஃபியூஜியம் என்று பெயர். லத்தீனில் புகலிடம் என்று அர்த்தம். நம்ம பாஷையில் சொன்னால் அடைக்கலம்.

யாருக்கு அடைக்கலம்? பாசிக்கு மட்டும் இல்லை. அந்தப் பாசிப் பந்துக்குள் கோபிபாட், ஆம்பிபாட் என்ற, இறால் மாதிரியான சின்னஞ்சிறு உயிர்கள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கும். எள்ளைவிடச் சிறியது, அரிசி அளவுக்கு வருவது என்று பல வகை. பெரிய தொட்டியில் விட்டால் மீன் ஒரே நாளில் தின்று தீர்த்துவிடும். இங்கே பயமில்லாமல் பெருகி, கொஞ்சம் கொஞ்சமாகப் பம்பு வழியாக மேலே போய் மீனுக்கு இயற்கையான தீனி ஆகும்.

நான் வளர்ப்பது கீட்டோமார்பா என்ற பாசி. பார்க்கப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நைலான் நார் மாதிரியே இருக்கும். வேர் கிடையாது, எதிலும் ஒட்டாது, பந்தாக மிதக்கும். காலெர்பா என்று இன்னொரு வகை உண்டு. அது திராட்சைக் கொத்து மாதிரியும் இறகு மாதிரியும் அழகாக இருக்கும். சபாவில் லாத்தோ என்று சாப்பிடும் கடல் திராட்சையும் காலெர்பா இனம்தான். ஆனால் அது கல்லைப் பிடித்துப் படரும். சில நேரம் ஒரே இரவில் விதைத்துகள்களைத் தண்ணீரில் விட்டுவிட்டு, வெளுத்துக் கரைந்துபோகும். தண்ணீர் பால் மாதிரி கலங்கும், அதுவரை உறிஞ்சியதெல்லாம் திரும்பவும் தண்ணீருக்கே வந்துவிடும். அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கீட்டோமார்பாதான் நல்லது.

பாசி வளர்ப்பதில் என்ன பெரிய வித்தை என்று நினைப்பீங்க. வேண்டாத இடத்தில் தானாக வரும், வேண்டிய இடத்தில் பார்த்துப் பார்த்து வளர்க்கணும். வருஷக்கணக்காக வைத்திருந்ததில் நான் கடைப்பிடிப்பது நான்கு விஷயம்.

முதலாவது வெளிச்சம். பாசி அறையின் விளக்கை இரவில் போடுகிறேன், பெரிய தொட்டியின் விளக்கு அணைந்த பிறகு. காரணம் உண்டு. இருட்டில் தொட்டிக்குள் எல்லா உயிரும் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். எடுத்துக்கொள்ள யாரும் இல்லாததால் தண்ணீரின் காரத்தன்மை விடியற்காலைக்குள் இறங்கும். கீழே பாசி வெளிச்சத்தில் இருந்தால் அந்த வாயுவை எடுத்துக்கொண்டு பிராணவாயுவைக் கொடுக்கும். வீடே தூங்கும்போது ஒருத்தர் கண் விழித்துக் காவல் இருப்பது மாதிரி.

இரண்டாவது ஓட்டம். பாசிப் பந்து மெதுவாக உருளணும். ஒரே இடத்தில் கிடந்தால் மேல்பக்கம் மட்டும் பச்சையாக இருக்கும், அடிப்பக்கம் வெளிச்சம் இல்லாமல் அழுகும், உள்ளே அழுக்கு படியும்.

மூன்றாவது சாப்பாடு. இதுதான் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தண்ணீர் மிகவும் சுத்தமானாலும் பாசி செத்துப்போகும். நைட்ரேட்டோ பாஸ்பேட்டோ ஒன்று அடியோடு தீர்ந்தால் பாசி வெளிறி, தொட்டாலே துண்டு துண்டாக உடையும். இரும்புச் சத்து குறைந்தாலும் நிறம் மங்கும். அப்போது இன்னும் விளக்கு போட்டால் பயன் இல்லை. எது குறைகிறது என்று சோதித்துப் பார்க்கணும். ஒரு துளி உரமும் இல்லாத தண்ணீர் என்பது நோக்கம் இல்லை. பவளத்துக்கும் கொஞ்சம் வேண்டும்.

நான்காவது அறுவடை. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பாசி உரத்தை உறிஞ்சித் தன் உடம்பில் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதை எடுத்து வெளியே போடுகிற அன்றைக்குத்தான் அந்த உரம் தொட்டியை விட்டுப் போகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு எடுப்பேன், செழிப்பாக இருந்தால் பாதி. எடுத்ததைத் தொட்டித் தண்ணீரிலேயே உதறினால் உள்ளே இருக்கும் குட்டி இறால்கள் திரும்பப் போய்விடும். எடுக்காமல் விட்டால் பந்து பெருத்து, நடுப்பகுதி இருட்டில் செத்து, உறிஞ்சிய அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிடும். சுவாமிக்குச் சாத்திய மாலையை மறுநாள் காலையில் களைகிறோம். பூ கெட்டது என்பதால் இல்லை, அதன் வேலை முடிந்தது என்பதால். அதே மாதிரிதான் இதுவும்.

இது நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி என்ற விஞ்ஞானி, 1980-ல் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் உயிருள்ள பவளப்பாறைத் தொட்டி ஒன்றை மக்கள் பார்வைக்கு வைத்தார். வலைத்தட்டில் பாசி வளர்த்து, அவ்வப்போது சுரண்டி எடுப்பதன் மூலமே தண்ணீரைச் சுத்தமாக வைத்தார். வீட்டுத் தொட்டிகளில் இன்றைக்குச் செய்வது அதன் தம்பி முறைதான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். தைப்பிங்கிலிருந்து காரில் அரைமணி நேரத்தில் கோலா செபெத்தாங். 1885-ல் மலாயாவின் முதல் ரயில் நம்ம ஊரிலிருந்து புறப்பட்டுப் போய்ச் சேர்ந்த பழைய போர்ட் வெல்ட். அங்கே இருக்கும் மாத்தாங் சதுப்புநிலக் காடு சுமார் 40,000 ஹெக்டர். ஆற்றில் வரும் சேறும் சத்தும் கடலுக்குப் போகும் முன் அந்த மரங்களின் வேர்களுக்கு இடையில் தங்குகிறது. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் பெரிய மீனுக்குப் பயந்து அந்த வேருக்குள் வளர்கின்றன. என் அலமாரிக்குள் இருக்கும் அறை செய்வதைத்தான் அந்தக் காடு கடலுக்குச் செய்கிறது. அந்தக் காட்டிலும் அறுவடை உண்டு. நூறாண்டுக்கும் மேலாகப் பகுதி பகுதியாகப் பிரித்து, 30 ஆண்டுச் சுழற்சியில் மரம் வெட்டிக் கரி சுடுகிறார்கள். வெட்டிய இடத்தில் திரும்ப வளர விடுகிறார்கள். எடுக்கவும் செய்கிறார்கள், காடும் இருக்கிறது.

ராமேஸ்வரம் யாத்திரை போய் வந்தவர்கள் பாம்பன் பாலத்தைக் கடந்திருப்பீங்க. அந்தப் பக்கத்துக் கடற்கரைக் கிராமங்களில் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் பெயர் சொல்வார்கள். நம்ம வீட்டில் தீபாவளிக்குக் காய்ச்சும் அகார் அகார் இந்த மாதிரிக் கடற்பாசியிலிருந்து வருவதுதான். அந்தப் பெண்கள் தாங்களே கூடி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இரும்புக் கருவியால் சுரண்டக் கூடாது, கையால் மட்டும் பறிக்கணும், மாதத்தில் 12 நாள் மட்டும் எடுக்கணும், மற்ற நாள் பாசி வளரணும். அந்தப் பெண்களுக்குத் தலைமையாக நின்ற சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015-ல் சீகாலஜி விருது கிடைத்தது.

அதே கடலில் இன்னொரு பாடமும் இருக்கு. வியாபாரத்துக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து மண்டபம் பகுதியில் வளர்த்த கப்பாஃபைகஸ் என்ற பாசி, குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல் ஏறிப் படர்ந்து அதை மூடியதை 2008-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மிதவையில் வளர்ந்து வருமானம் தந்த அதே பாசிதான் பவளத்தின் மேல் போனதும் எமன் ஆனது.

இனி நம்ம குளத்துக்கு வருவோம். இது நல்ல தண்ணீர், கடல் பாசி இதில் உயிர் வாழாது. ஆனால் கணக்கு ஒன்றுதான். உள்ளே என்ன போகிறதோ அது ஏதாவது ஓர் உருவத்தில் வெளியே வந்தாகணும். நம்ம குளத்துக்குள் என்ன போகிறது என்று ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். ரொட்டி, பொரி, மீன் தீனி, மாலைப் பூ, ஒரு பையன் போட்ட அரைப் பாக்கெட் முறுக்கு. போட்டவர்கள் எல்லாரும் புண்ணியம் என்று அன்பாகத்தான் போட்டார்கள். மீன் தின்றது கொஞ்சம், மூழ்கியது அதிகம். அந்தப் பச்சை நிறம் நாம் போட்ட ரொட்டியின் இன்னோர் உருவம், அவ்வளவுதான்.

மருந்து ஏன் வேண்டாம் என்றேன்? பாசி மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கும். நம்ம ஊர் மழைக்குப் பேர் போனது, குளத்தில் பாதி மழைத் தண்ணீர். மழைத் தண்ணீர் மென்மையானது, அதில் செம்பின் விஷம் மீனுக்கு இன்னும் கடுமையாக ஏறும். மருந்து அளவாகவே இருந்தாலும், ஒரே நாளில் செத்த பாசி அடியில் அழுகும்போது தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். திருவிழா அன்று கொடிமரத்துக்கு முன்னால் செத்த மீனை வலை போட்டு எடுக்கும் நிலைமை வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொண்டேன். அப்படியே மீன் பிழைத்தாலும், உரம் குளத்திலேயே இருப்பதால் சில வாரத்தில் பச்சை திரும்பி வரும்.

அதனால்தான் இரண்டு தொட்டி. சிறிய பம்பு குளத்துத் தண்ணீரை முதல் தொட்டிக்கு ஏற்றும். அங்கே பஞ்சு அழுக்கைப் பிடிக்கும். அடுத்த தொட்டியில் கங்கோங் வேரும் வலைத்தட்டுப் பாசியும் உரத்தை உறிஞ்சும். தண்ணீர் தானாக வழிந்து திரும்பக் குளத்துக்குள் விழும். வெளிச்சத்துக்குச் சூரியன் இருக்கிறார், மின்சாரச் செலவு பம்புக்கு மட்டும். கொசுவுக்குப் பயந்து கேட்டவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், மேலே வலை மூடியிருக்கு, உள்ளே கப்பி மீன்களும் விட்டிருக்கோம். இருந்தாலும் வாரம் ஒருமுறை ஏடிஸ் கொசுப் புழு இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

பலன் என்ன? அதிசயம் எதுவும் நடக்கவில்லை. முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை, சிலர் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் இரண்டாவது படி தெரிந்தது. இப்போது மூன்றாவது படி மங்கலாகத் தெரிகிறது. நைட்ரேட் சோதனைக் குழாயில் அடர் சிவப்பாக வந்த நிறம் ஆரஞ்சுக்கு இறங்கியிருக்கு. இதில் பாதிப் பெருமை தொட்டிக்கு இல்லை, தீனியைக் குறைத்ததற்கும் வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீர் மாற்றியதற்கும்தான். தண்ணீரில் இன்னும் பச்சைச் சாயல் இருக்கு. ஆடி முதல் வெள்ளிக்குள் அடிமட்டம் தெரியும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் போன வெள்ளி அந்த அக்காவிடம் "அதோ, அந்த மூலையில பாருங்கக்கா" என்று கை காட்ட முடிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

அறுத்த கங்கோங்கை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று சில பேர் கேட்டீங்க. சமைக்க வேண்டாம். மீன் கழிவில் வளர்ந்தது, நந்தவனத்துக்கு உரமாகப் போகட்டும். அங்கே செம்பருத்தியும் அரளியும் நல்லாப் பூத்தால் அம்பாள் சன்னிதிக்குத்தானே வரும்.

உங்களிடம் கேட்பது மூன்றே மூன்று:

1. குளத்தில் ரொட்டி, பொரி, பிரசாதம், பூ எதுவும் போடாதீங்க. மீனுக்குத் தீனி போட ஆசைப்பட்டால் அலுவலகத்தில் சின்னப் பொட்டலம் 1 வெள்ளிக்கு வைத்திருக்கோம். ஒரு நாளைக்கு இத்தனை பொட்டலம்தான் என்று கணக்கு இருக்கு. தீர்ந்துவிட்டால் மறுநாள் வாங்க, மீன் பட்டினி கிடக்காது.

2. வேண்டுதலுக்குப் புது மீன் விட நினைப்பவர்கள் முதலில் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தக் குளம் தாங்கும் அளவுக்கு ஏற்கெனவே மீன் இருக்கு. அதற்குப் பதிலாக ஒரு மாதப் பஞ்சுச் செலவை ஏற்றுக்கொண்டாலும் அதே புண்ணியம்தான் என்று குருக்கள் ஐயாவே சொல்லிவிட்டார்.

3. ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை காலை 7 மணிக்குப் பாசி அறுவடை. ஒரு மணி நேர வேலைதான். கை நனையும், கொஞ்சம் வாடை வரும். பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க, வலைத்தட்டை உதறும்போது விழும் குட்டி உயிர்களை அவர்கள் பார்க்கட்டும். மூன்றில் ஒரு பங்கு எடுப்போம், மீதியை விட்டுவிடுவோம்.

அடுத்த அறுவடை வரும் சனிக்கிழமை. பழைய துணி உடுத்தி வாங்க. வேலை முடிந்ததும் காலைப் பசியாற இட்லியும் தேத்தண்ணியும் உண்டு.

அம்பாள் எல்லாருக்கும் நல்லருள் தரட்டும்.